தாங்குமா பாய்?

"எவ்ளோ கனம் தாங்கும், பாய்?"

துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த தாஜுதீன் நிமிர்ந்தார். பெரிய மார்க்கெட் பக்கம் கடை போட்டு இருபது வருஷம். ஜன்னல் திரைக்கும் கட்டில் விரிப்புக்கும் வருகிறவர்கள் சாயம் போகுமா என்பார்கள், சுருங்குமா என்பார்கள். கனம் கேட்டவள் இவள்தான்.

முப்பது வயதுகூட இருக்காது. சீவாத தலை, சிவந்து வீங்கிய கண்கள், காலில் ஜோடி மாறிய செருப்பு.

"லினன் தங்கச்சி இது! யானையக் கட்டினாலும் தாங்கும்." மடிப்போரம் பழுப்புக் கறை படிந்த பக்கத்தை உள்ளே தள்ளிக்கொண்டே அவர் ஆரம்பித்தார். "காட்டனவிட பலம். நனைஞ்சா இன்னும் பலம் கூடும். இந்த கத்திரி வெயில்ல மேல பட்டா சில்லுனு இருக்கும். வேர்வைய உறிஞ்சி உடனே காஞ்சிடும். தோய்க்கத் தோய்க்கப் பூ மாதிரி ஆவும். பிரெஞ்சுக்காரங்க வீட்ல தாத்தா விரிச்ச லினன பேரன் விரிக்கிறான், தெரியுமா?"

"உடம்புல உறுத்துமா?"

"உறுத்தவே உறுத்தாது."

"முடிச்சு போட்டா வழுக்கிடாதே?"

"வழுக்குறதுக்கு இதென்ன நைலக்ஸா?"

அவர் நீட்டிய நல்ல பக்கத்தை அவள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். "நேத்து பழைய புடவையில கட்டிப் பாத்தேன். கிழிஞ்சிடுச்சு. இன்னிக்காவது நிம்மதி கெடைக்கணும் பாய். நாலு மீட்டர் குடுங்க."

கத்தரித்துக் கொடுத்தார். மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருக்கும் சாமிக்கண்ணு பெடலை நிறுத்தினார்.

"எதுக்கு வாங்கிட்டுப் போவுதுன்னு கேட்டியா பாய்?"

"கட்டிலுக்குத்தான்."

"கட்டிலுக்கு எதுக்குய்யா முடிச்சு? கட்டிலுக்கு எதுக்கு கனம்? புடவையில கட்டிப் பாத்துச்சாம், கிழிஞ்சிடுச்சாம். அழுத மூஞ்சி வேற. நீ என்னடான்னா யானையக் கட்டுன்னு ஏலம் போடுற!"

தாஜுதீன் கத்தரிக்கோலை மேசையில் வைக்கத் திரும்பினார்.

அப்போதுதான் பார்த்தார். மேசைமேல் அவளுடைய பர்ஸ் கிடந்தது. மீதிச் சில்லறையும் எடுக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"மறந்துட்டுப் போயிருக்கும்..." என்றார், தனக்கே நம்பிக்கையில்லாமல்.

"மறக்கல பாய். இனிமே வேணாம்னு விட்டுட்டுப் போயிருக்கு."

பர்ஸுக்குள் மடித்து வைத்த ரேஷன் கார்டு ஜெராக்ஸ். பூர்ணிமா. உப்பளம் பகுதியில் வீடு. போன் நம்பர் எதுவும் இல்லை.

மதியம் கடை சாத்த இன்னும் அரை மணி இருந்தது. ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, டி.வி.எஸ். ஐம்பதை உதைத்தார்.

அனல் காற்று முகத்தில் அறைந்தது. அதைவிடச் சூடாக அவருடைய குரலே அவர் காதில் திரும்பத் திரும்ப விழுந்தது. யானையக் கட்டினாலும் தாங்கும்... யானையக் கட்டினாலும் தாங்கும்... நாக்கு ஓடிய வேகத்தில், எதிரே நின்ற முகத்தை அவர் பார்க்கவே இல்லையே! உட்காரும்மா, என்ன கஷ்டம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்?

உப்பளம் திரும்பும்போது சட்டென்று அந்தக் கறை ஞாபகம் வந்தது.

போன மழைக்குக் குடோனில் தண்ணீர் புகுந்து ஊறிய மூட்டை அது. லினனே இல்லை, கலப்புத் துணி. மடிப்பு நெடுக இற்றுப்போய், விரலால் அழுத்தினாலே பொத்துக்கொள்ளும். கறை தெரியாமல் மடித்து மடித்து, லினன் என்று சொல்லி ஆறு மாதமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

யானையா? பூனையைக்கூடத் தாங்காது!

'யா அல்லா, நான் பண்ணின மோசடிக்கு முதல் தடவையா உனக்கு நன்றி சொல்றேன்.' கண்ணில் நீர் வழிய ஆக்ஸிலேட்டரைத் திருகினார். 'அந்தத் துணி கிழியட்டும். இனிமே ஜென்மத்துக்கும் பொய் சொல்லி வியாபாரம் பண்ண மாட்டேன். அது மட்டும் கிழிஞ்சிடட்டும்.'

ஓட்டு வீடு. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். பதில் இல்லை. பக்கத்து ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தார்.

விட்டத்துக் கொக்கியிலிருந்து அவருடைய சாம்பல் நிறத் துணி விறைப்பாகத் தொங்கியது. கீழ்ப் பாதியை பீரோ மறைத்திருந்தது. மெல்ல ஆடிக்கொண்டிருந்தது அது.

"கிழிஞ்சிடு... கிழிஞ்சிடு..." என்று முனகியபடியே ஓடிவந்து, இரண்டு கையாலும் கதவை அறைந்தார். "தங்கச்சீ! வேணாம்மா! கதவத் தொற!"

தாழ்ப்பாள் விலகியது.

பூர்ணிமா நின்றிருந்தாள். முழுசாக, உயிரோடு. அதே சிவந்த கண்கள். ஆனால் முகத்தில் இப்போது ஒரு சிரிப்பு. அவளுக்குப் பின்னால் துணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

தாஜுதீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பர்ஸை நீட்டினார்.

அவள் உதட்டில் விரல் வைத்துக் கிசுகிசுத்தாள்.

"மெதுவா பாய்! மூணு நாளா கண்ண மூடாத புள்ள, உங்க பேச்ச நம்பி இப்பதான் தூளியில போட்டேன்."