ஷெர்ரி மாப்பிள்ளை

தரகர் கலைச்செல்வன் நீட்டிய போட்டோவை ராஜாராம் தொடக்கூட இல்லை.

“ஸ்பெயின்ல வேலைன்னு சொன்னியே, இன்னா வேலைன்னு சொன்னியாய்யா?”

“ஷெர்ரின்னு ஒரு ஒயின்ணா. அதை ருசி பாத்துச் சொல்றாரு. குடிக்க மாட்டாரு, வாயில வெச்சுட்டுத் துப்பிடுவாரு.”

“தூ! அதுக்குச் சம்பளம் வேறயா?”

“கௌரவமான ஒயின்ணா. இனிப்பே இருக்காது. பீப்பாயில தயிராட்டம் மேல ஏடு கட்டிக்கினு கெடக்கும், அந்த ஏடுதான் அதுக்கு ருசி. தாத்தா காலத்துப் பீப்பாயை முழுசா காலி பண்ணவே மாட்டாங்க. எடுக்க எடுக்கப் புதுசை ஊத்திக்கினே இருப்பாங்க.”

“பரம்பரை பரம்பரையா ஊத்திக்கினு கீறானுங்கன்னு சொல்லு! மானம் மருவாதியோட வாய்ற குடும்பம்யா இது. எழுந்திரு மொதல்ல!”

கலைச்செல்வன் போட்டோவைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

மகள் பிரபா சாப்பாட்டு கேரியரையும் சாவிக்கொத்தையும் கொண்டுவந்தாள். “நைனா, மணி பன்னண்டு ஆவப்போவுது.”

ராஜாராம் புள்ளலூர் சாலையில் வண்டியை விரட்டினார். அவருக்காகவே காத்துக்கிடந்த கூட்டம் வழிவிட்டது. மதுக்கடையின் ஷட்டரை ஏற்றினார். ஏறிய கோபம் மட்டும் இறங்கவில்லை. கம்பி ஜன்னல் வழியாக முதல் குவார்ட்டரை நீட்டும்போது மூக்கு விடைக்கச் சொன்னார்:

“சாராயத்துல பொழைக்கிறவனுக்கு என் பொண்ணு கேக்குதாம்பா!”