ஆறு ஃபேன் வைத்த பெட்டி

எதிர் ஃப்ளாட் நாணு மாமா ரிடையராகி இரண்டு வருடம் ஆகிறது. மாமி போனதிலிருந்து தனிக்கட்டை. அந்த மனிதர் கண்ணாடிக் கதவும் ஆறு ஃபேனும் வைத்த கம்ப்யூட்டர் கேபினெட் வாங்கி வந்தால், மும்பையின் மாட்டுங்கா சிரிக்காமல் என்ன செய்யும்? நான் சர்க்கரை கேட்கும் சாக்கில் உள்ளே போனேன்.

பழைய கம்ப்யூட்டரின் பாகங்களைக் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மாமா இத்தனை ஃபேன்? அதுக்கு என்ன ஜுரமா?"

"ஓவர்கிளாக் பண்ணி வேகத்தை ஏத்தப் போறேன், சூடாகுமோல்லியோ? ஆன்லைன் கேம்ல என் மெஷின் திணறறது. இன்னிக்கும் திணறினா டீம்லேர்ந்து தூக்கிடுவேன்னு கேப்டன் சொல்லிட்டான்."

அறுபது வயதில் துப்பாக்கி விளையாட்டு! சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. மெஷின் பறந்தது. மற்றவர்கள் கூச்சல் போட, மாமா மட்டும் வாயே திறக்காமல் எல்லாவற்றுக்கும் டைப் அடித்தே பதில் சொன்னார்.

"சபாஷ் பாய்! இனிமே நீ நம்ம டீம்தான்!" என்று ஸ்பீக்கரில் கேப்டன் இந்தியில் கத்தினான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா, இது ஐரோலில இருக்கற உங்க பிள்ளை மாதவ் குரலாச்சே!"

"வெளியில சொல்லிடாதேம்மா. நான்னு தெரிஞ்சா, போன்ல பண்ணின மாதிரி இதுலயும் பிளாக் பண்ணிடுவான்."