அத்தான் இணைத்த டிரம்ஸ்

“பலமா அடி! வலிக்குமேன்னு பாவம் பார்க்காதே!” என்று அத்தான் கத்தினார். கொழுந்தியாள் கை சிவக்கச் சிவக்க அடித்தாள். அடி வாங்கியதிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

எப்படி வரும்? அடி வாங்கிக்கொண்டிருந்தது ஒரு பேட். வரிசை வரிசையாக ரப்பர் கட்டங்கள் வைத்த, தட்டு அளவுக் கருவி. அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. தட்டினால் கம்ப்யூட்டருக்குச் சேதி போகும். அதிலிருக்கும் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்தான் டிரம்ஸ் சத்தத்தை எழுப்பும்.

அவள் டிரம்ஸ் வாசிப்பவள். அடுக்குமாடி வீட்டில் நிஜ டிரம்ஸுக்கு இடமும் இல்லை, அனுமதியும் இல்லை என்பதால் இதை வாங்கியிருந்தாள். இன்று மாலை நடன மாஸ்டர் ஃபோனில் அவள் வாசிப்பைக் கேட்கப் போகிறார். பிடித்தால் அவருடைய புது நாட்டிய நாடகத்துக்கு இவள்தான் தாளம். வேலையில்லாமல் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவளுக்கு இதை விட்டால் வேறு கதி இல்லை.

அக்கா புருஷனோ, தானே இணைத்துத் தருகிறேன் என்று முண்டாசு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். உலகத்தில் அவருக்குத் தெரியாத கருவி கிடையாது. அவர் கைபட்டுப் பிழைத்த கருவியும் கிடையாது. பெட்டியோடு வந்த வழிமுறைத் தாளை அவள் நீட்டியபோது, “இதெல்லாம் உன்னை மாதிரி ஆளுங்களுக்கு” என்று மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

“அத்தான், ஸ்க்ரீன்ல இந்த லிஸ்ட்ல பேடோட பேருக்குப் பக்கத்துல கட்டம் காலியா இருக்கே. டிக் பண்ணணுமோ?”

“தொடாதே! கட்டத்தைப் பார்த்ததும் டிக் பண்ண இது என்ன பரீட்சையா? தாளம் தட்டுறது வேற, கம்ப்யூட்டர் வேற.”

“ஐயா ரிப்பேர் பண்ணின வாஷிங் மெஷின் இன்னும் மொட்டைமாடியில கொடிக்கயிறு கட்டத்தான் உதவுது,” என்றாள் அக்கா உள்ளேயிருந்து. அத்தான் கண்டுகொள்ளவில்லை. மேதைகளுக்குச் சமையலறைப் பேச்செல்லாம் காதில் விழாது.

ஒயரை இங்கே பிடுங்கி அங்கே செருகினார். மேஜையிலிருந்த பெரிய ஸ்பீக்கரை இறக்கித் தரையில் வைத்தார். “இப்படி வச்சாத்தான் சத்தம் கனமா வரும்” என்று விளக்கம் வேறு. பிறகு முஷ்டியை மடக்கிப் பேடில் தானே ஒரு குத்து விட்டார். மேஜை அதிர்ந்தது, தரை அதிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து, ‘தொம்!’

அத்தான் மீசையைத் தடவிக்கொண்டார். இரண்டு குத்து விட்டார். கொஞ்சம் பொறுத்து, ‘தொம், தொம்!’

“லேட்டா வருதே அத்தான்?”

“அதுக்குப் பேரு லேட்டன்சி. சத்தத்தைத் தயார் பண்ணித் தர கம்ப்யூட்டருக்கு நேரம் வேண்டாமா? இதுகூடத் தெரியாம டிரம்ஸ் வாசிக்கிறாளாம்!”

“எந்தக் கட்டத்தைத் தட்டினாலும் ஒரே சத்தமா இருக்கே?”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். வந்த சத்தத்தை வச்சு வாசி, போ!”

அதற்குள் மாஸ்டரின் ஃபோன் வந்துவிட்டது. அவள் அவசரமாக எடுத்தாள். ஃபோனை ஸ்பீக்கர் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, தாமதத்துக்குத் தகுந்தபடி இடைவெளி விட்டு அழுத்தி அழுத்தி வாசித்தாள். அவள் நான்கு தட்டினால் நான்கு ‘தொம்’ திரும்பி வந்தது. அவள் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டியது. அவள் கையை எடுத்த பிறகும் ‘தொம் தொம் தொம்’ என்று தானாகவே விழுந்து ஓய்ந்தது.

“முத்தாய்ப்பைப் பாத்தியா? அதான் என் செட்டிங்!” என்று கிசுகிசுத்தார் அத்தான்.

ஃபோனில் மாஸ்டர் குரல் தழுதழுத்தது. “எத்தனையோ பேரைக் கேட்டுட்டேன்மா. எல்லாம் செத்த மெஷின் சத்தம். நீ தட்டத் தட்ட பதிலுக்கு ஒண்ணு விழுதே, அதுல என்ன கோபம், என்ன உயிர்! நீதான் தாளம். நாளைக்கே வந்துடு. அந்த ‘தொம்’மை அப்படியே கொண்டு வரணும், ஆமா!”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து காணாத மரியாதையோடு புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள்.

“என்னை மன்னிச்சுடுங்க. உங்களைப் போய் மட்டமா பேசிட்டேன்.”

“பரவாயில்லை விடு. விஷயம் தெரிஞ்சவனை வீட்டுல இருக்கறவங்க என்னிக்கு மதிச்சிருக்காங்க?” என்று பெருந்தன்மையோடு மன்னித்தார் அத்தான்.

அழைப்புமணி விடாமல் அலறியது. “அக்கம்பக்கத்துல கேட்டிருக்கும். பாராட்ட வந்திருப்பாங்க” என்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

கீழ்வீட்டுக்காரர் மூச்சு வாங்க நின்றார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள், கையில் ஓர் உலக்கைக் கனத்துக்கு மரக்கட்டை.

“நீங்க தட்டத் தட்ட நானும் கீழேருந்து இடிச்சுக்கிட்டே இருக்கேனே, உங்க காதுல விழவே இல்லையா?”