காய்ச்சல் விட்டபோது

மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று டாக்டர் அவளிடம் சொன்னார்.

“இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறோமே சார்” என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று கேட்டு உயிரை எடுக்கிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இருக்கிறேன் என்று கெஞ்சுகிறவளை இப்போதுதான் பார்க்கிறார்.

வெளியே வராந்தாவில், கட்டில் கிடைக்காத தாய்மார்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

இன்னொரு முறை காய்ச்சல் பார்த்துவிட்டு, இல்லையென்றால் அனுப்பிவிடும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மகனுக்கு ஆறு வயது. மருந்து அட்டையைக் கிழித்து பஸ் செய்து, கட்டில் கம்பியின்மேல் ஓட்டிக்கொண்டிருந்தான். கால்மாட்டில் அவன் தங்கை பயணியாக உட்கார்ந்து, இறங்கணும் இறங்கணும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் நிறுத்துவதாக இல்லை.

நர்ஸ் அவன் அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகினாள். பக்கத்துக் கட்டில் குழந்தை வீறிட்டது. “இதோ வந்துட்டேன்” என்று அங்கே ஓடினாள்.

தாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். தெர்மாமீட்டரை உருவி, வார்டில் அப்போதுதான் ஊற்றிக்கொடுத்திருந்த டீக்குள் முக்கினாள். மூன்று எண்ணி எடுத்துவிட நினைத்திருந்தாள். பயத்தில் எண்ணிக்கை மறந்துவிட்டது. முதலிலிருந்து எண்ணினாள்.

புடவைத் தலைப்பில் துடைத்து, பழையபடி அவன் அக்குளில் வைத்து அழுத்தினாள்.

நர்ஸ் திரும்பி வந்து, அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நூற்றெட்டு. பாதரசம் அதற்கு மேல் போக இடமில்லாமல் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

“இந்தச் சூட்டுல எந்தப் புள்ளையும் பஸ் ஓட்டாதுக்கா” என்றாள், குரலை இறக்கி.

அவள் டீ டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“வீட்டுக்காரர் அடிக்கிறாரா?”

இல்லை என்று தலையாட்டினாள். அடித்தால்கூடச் சொல்லிவிடலாம். அவர் அதட்டிக்கூடப் பேசியதில்லை. எந்தப் பழக்கமும் கிடையாது. யார்மேலும் பழி போட முடியாத ஒன்றை வாய்விட்டு எப்படிச் சொல்வது?

நர்ஸ் கட்டிலில் இருந்த இரண்டு குழந்தைகளையும் பார்த்தாள். பிறகு தெர்மாமீட்டரை உதறினாள்.

“நூத்தியொண்ணுன்னு எழுதுறேன். ஆனா காய்ச்சல் திரும்பிடுச்சுன்னா மறுபடி ரத்தம் எடுத்தே ஆகணும். அது என் கையில இல்ல.”

மகனின் இடது கை ஏற்கெனவே ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போயிருந்தது. அதைப் பார்த்தாள். வராந்தாவைப் பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எழுதுங்க.”

ரத்தம் எடுக்க வந்தபோது அவன் கையை அவளேதான் பிடித்துக்கொண்டாள். திமிறினான். அவள் முழங்கையை வைத்து அழுத்தினாள்.

“எனக்குத்தான் சரியாயிடுச்சேம்மா! சொல்லும்மா, சரியாயிடுச்சுன்னு நீ சொல்லு!”

அவள் பிடியைத் தளர்த்தவில்லை. நரம்பு அகப்படாமல் ஊசி இரண்டு தடவை ஏறியது. தங்கை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அழுகை விக்கலாகத் தேய்ந்துகொண்டிருந்தபோது, வராந்தாவின் கோடியில் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. இரண்டு குழந்தைகளும் ஒரேசமயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நோயாளிக்கு ஒரு தட்டு. உடனிருப்பவருக்கு ஒரு தட்டு. சோறு, பருப்பு, தட்டுக்கு ஒரு முட்டை.

ஒரு முட்டையை நூலால் அறுத்து நாலாக்குவதும், இருக்கிற பாலுக்குத் தண்ணீரை உறவாக்குவதும், வேலைக்குப் போகிற வயிற்றுக்கு முதலில் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைப் பங்கிடுவதும் அவளுக்குக் கைவந்த கலை. தலையை மூடினால் கால் தெரிகிற போர்வைதான் அவர் சம்பளம். இழுத்து இழுத்து எப்படியாவது மாசத்தை மூடிவிடுவாள். கிடங்கில் சரக்கு வரத்துக் குறைந்து, மூட்டை தூக்கும் வேலை பாதி நாளாகிப்போனதும் போர்வை கைக்குட்டை ஆகிவிட்டது. வாடகை கொடுத்தபின் மிஞ்சியிருந்த அரிசி, மகன் காய்ச்சலில் விழுந்த அன்றே தீர்ந்துபோனது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனதில், கடவுளே என்று அன்றைக்கு ஒரு நிம்மதி வந்ததே, அதை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

சம்பளத்துக்கு இன்னும் இரண்டு நாள்.

கணவர் எங்கே சாப்பிடுகிறார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பார்வையாளர் நேரத்தில் அவர் கிடங்குத் தூசியோடு ஓடிவந்தார். மகன் விக்கிக்கொண்டே முட்டையை மென்றுகொண்டிருந்தான். கையில் புதுப் பஞ்சும் பிளாஸ்திரியும். மகளின் மோவாயெல்லாம் பருப்பு.

மூன்று கட்டில் தள்ளி, இன்னொரு குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்திருந்த டாக்டர் தலையைத் தூக்கினார்.

“என்னப்பா, பையன் காலையில நல்லாத்தானே இருந்தான்? தொட்டுப் பாரு, இன்னும் சுடுதா?”

கணவர் மகனின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. புறங்கையால் கழுத்தைத் தொட்டார். மறுபடி நெற்றியைத் தொட்டார்.

பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்து, மகளின் தட்டில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா சார்” என்றார் அவர். “நெருப்பா கொதிக்குது.”