இடக்கைக்காரியின் ஊசிப் பை

"இத நீங்க தைச்சதா, சிஸ்டர்?"

கேட்ட விதத்தில் ஒரு குறையும் இல்லை. வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, சிரித்த முகம். ஆனால் அபார்ட்மெண்ட் கிளப் ஹவுசில் விற்பனைக்கு அத்தனை மேசைகள் போட்டிருக்க, ஊறுகாயையும் கம்மலையும் ஏறெடுத்தும் பார்க்காமல் அந்த மனிதர் நேராகத் தன்னிடம் வந்தது ஷெர்லினுக்கு என்னவோ போல் இருந்தது.

பின்னல் ஊசிப் பை வாங்க ஆண்கள் வருவதில்லை. ஒரகடம் பக்கத்து அந்த அபார்ட்மெண்டில் குடியிருக்கும் கொரியாக்காரப் பெண்கள்தான் வருவார்கள். புருஷன்கள் கம்பெனிக்குப் போனதும், இந்த வேகாத வெயிலிலும் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள். பின்னட்டும், நமக்கென்ன! அந்த ஊசிகளைச் செருகி, சுருட்டிக் கட்டி வைக்கும் துணிப் பையைத் தைத்துத்தான் ஷெர்லின் வீட்டில் அடுப்பு எரிகிறது. கார் சீட் கவர் தைக்கிற கம்பெனி வேலை போனதிலிருந்து வேறு வழியும் இல்லை.

அவர் பையை விரித்தார். ஊசி செருகும் அறைகளின் மேல் விரலை மெல்ல ஓட்டினார். பிறகு அவள் கத்தரிக்கோல் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"இடக்கைக்காரங்களுக்குத் தோதா இருக்கே. நீங்க வலதுகைக்காரங்களாச்சே."

ஷெர்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்கியவர்கள் யாரும் இதுவரை அதைக் கண்டுபிடித்ததில்லை. வழக்கமான பையில் குட்டை ஊசிக்கு இடப்பக்கம் அறை, கட்டுகிற நாடா வலப்பக்கம். இதில் எல்லாமே எதிர்ப்பக்கம். தைக்கும்போது அவளுக்கே கை தடுமாறும். ஆனாலும் ஒரு தையலைக்கூட அவள் மாற்றவில்லை. அடுத்தவர் டிசைனை எடுத்தால் கேட்டு எடுக்க வேண்டும், அப்படியே எடுக்க வேண்டும். இங்கே ஒரு மடிப்பு, அங்கே ஒரு பூ வைத்துவிட்டு என் சொந்தம் என்பதுதான் திருட்டு. அது அவள் கட்சி.

"டிசைன் என்னுது இல்ல சார். ஒரு அக்காவோடது. அவங்கள கேட்டுக்கினுதான் தைக்கிறேன்."

"பாத்தேன்" என்று அவர் போனை நீட்டினார். இன்ஸ்டாகிராமில் அவள் போட்ட படம். டிசைன் ஓர் அக்காவுடையது என்று கீழே எழுதியிருந்ததும் தெரிந்தது. "எந்த அக்கா?"

சீட் கவர் கம்பெனியில் பக்கத்து மெஷினில் இருந்த கலைமணிதான் அந்த அக்கா. சொந்த ஊர் எது என்று லைனில் ஒருவருக்கும் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து இடக்கையால் தனியாகப் பின்னிக்கொண்டிருப்பாள். அழகாக் கீதே அக்கா, நானும் தைக்கட்டுமா என்று ஷெர்லின் கேட்டதும், தாராளமா தைச்சு வித்துக்கோ, என் பேரை மட்டும் எங்கேயும் போடாத என்றாள். இந்தக் காலத்தில் இப்படி ஓர் அடக்கமா என்று ஷெர்லின் வியந்துபோனாள். கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றியும் வந்தாள்.

"பேரு போட வேணாம்னுட்டாங்க சார்."

அவர் சிரிப்பு மாறவில்லை. குரல் மட்டும் உயர்ந்தது.

"பேரே இல்லாத அக்காவா? திருடுறவங்க எல்லாம் இப்படித்தானே சொல்றாங்க."

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. அசோசியேஷன் செக்ரட்டரி மரகதம் மேடம் திரும்பிப் பார்த்தார். போன மாதம், யாருடைய மாடலையோ காப்பியடித்தாள் என்று, இங்கே மேசை போட்டிருந்த பூமாரியை இதே இடத்தில் மூட்டை கட்ட வைத்தவர் அவர். அதோடு சரி, பூமாரியை இந்தப் பக்கம் எந்த விற்பனைக்கும் யாரும் கூப்பிடுவதில்லை.

ஷெர்லினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், திருடி என்றா? அதுவும் இவளையா?

சொல்லிவிட்டாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள். பேர் கலைமணி. மணிமங்கலம், பெருமாள் கோயில் பின்தெரு, டைல்ஸ் கடை மாடி. மாதிரிப் பை வாங்க நானே படிக்கட்டு வரை போயிருக்கிறேன். சந்தேகம் இருந்தால் நேரே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்!

மரகதம் மேடம் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். மேசைகளில் மறுபடி பேச்சு கிளம்பியது. அப்பாடா, மானம் தப்பியது.

"கோச்சுக்காதீங்க சிஸ்டர். நானே போய் அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்."

அவர் ஒரு பையை வாங்கினார். அதைச் சுருட்டி நாடாவை முடிந்தார். இடப்பக்கமாகத்தான் முடிந்தார், கொஞ்சமும் தடுமாறாமல்.

கோபம் வடிந்ததும் ஷெர்லினுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தையலைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கிறார் என்றால் சும்மாவா! ஆனாலும் பேரைச் சொல்ல வேண்டியதாகிவிட்டதே என்று உறுத்தியது. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கலைமணிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கோச்சுக்காதே. உன் டிசைனப் பாத்துட்டு ஒருத்தர் உன்னை நேர்ல பாக்கணும்னு வூட்டுக்கே வர்றாரு. நான்தான் அட்ரஸ் குடுத்தேன்."

வந்தது யார் என்று கலைமணி கேட்கவில்லை. ஆள் எப்படி இருந்தார் என்றும் கேட்கவில்லை.

"கெளம்பி எவ்ளோ நேரம் ஆவுது ஷெர்லின்?"

"இப்பத்தான்க்கா. வண்டிய எடுத்துக்கினு படப்பை பக்கமா போனாரு. ஏன்க்கா, இன்னா ஆச்சு?"

போன் கட் ஆகவில்லை. கலைமணி அங்கே வேறு யாரிடமோ பேசுவது கேட்டது. பதற்றமே இல்லாத குரல், சோறு ஊட்டக் கூப்பிடுவது போல.

"செருப்பப் போட்டுக்கோடா செல்லம்."

பிள்ளை இருப்பதாகக் கலைமணி ஒருநாளும் சொன்னதில்லை.

"மறுபடியுமாம்மா?" என்றது ஒரு குழந்தை.