நீக்கியதற்கான காரணம்

ஸ்கூலைப் பற்றி இணையத்தில் வந்த விமர்சனத்தை நீக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் மாஸ்டர் மேசையை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒழிஞ்சான்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து விண்ணப்பங்களில் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிரவில்லை. அந்த டிரைவிங் ஸ்கூலுக்கு இருப்பது அந்த இரண்டு நாற்காலிகள்தான். வண்டி ஓட்டச் சொல்லித் தருவது அவர். மற்றதெல்லாம் அவள்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர், ஆனால் அதே சரக்கு. 'சாயங்கால வகுப்புக்கு இவரிடம் போகாதீர்கள். எதிரே ஆள் வந்தால்கூட மாஸ்டருக்குத் தெரிவதில்லை. அன்று வண்டியை நிறுத்தியது கற்றுக்கொள்ள வந்த பெண். தன் காலடியில் இருந்த பிரேக்கை மாஸ்டர் தொடவே இல்லை.' கூடவே ஒற்றை நட்சத்திரம். ஒன்றுகூடப் போடாமல் எழுத வழியில்லை என்பதால்தான் அந்த ஒன்றையும் போட்டிருப்பான் என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

இவர் புகார் கொடுப்பார். சில நாளில் அது காணாமல் போகும். மறுபடி முளைக்கும்.

எழுதுகிறவன் யார் என்பதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

முதல் சந்தேகம் எதிர்ச்சாரி மீசைக்காரர் மேல். அவரும் டிரைவிங் ஸ்கூல்தான் நடத்துகிறார். 'மீசை மாஸ்டர் அதட்டாமல் சொல்லித் தருகிறார்' என்று எந்தக் காலத்திலோ எவரோ எழுதியது இன்னும் அசையாமல் நிற்கிறது. இவரும் சும்மா இருக்கவில்லை. லைசென்ஸ் வாங்கியவர்களை இதே அறையில் வரிசையாக உட்கார வைத்து, ஆபீஸ் வைஃபையும் கொடுத்து, ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போட வைத்தார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, அத்தனையும் நீக்கப்பட்டன. எல்லாம் ஒரே இடத்திலிருந்து போனால் எவன் நம்புவான் என்று மனைவி கேட்டாள். மீசைக்காரனுக்கு அங்கே உள்ளுக்குள் ஆள் இருக்கிறான் என்றார் இவர்.

அடுத்த சந்தேகம் அந்தப் பெண் மேல். வங்கியில் வேலை பார்ப்பவள். அன்று அவள் திடீரென்று பிரேக்கை மிதித்ததும் உண்மை, கதவைத் திறந்துகொண்டு ஓடியதும் உண்மை. நடைபாதையில் யாருடனோ பேசிவிட்டு வந்து, ஒன்றும் ஆகவில்லை என்றாள். யார் என்று இவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மறுநாளே காலை வகுப்புக்கு மாறிக்கொண்டாள்.

காருக்குள் இருந்தது இரண்டே பேர். பிரேக் விஷயம் வேறு யாருக்குத் தெரியும்?

கண்ணாடியில் அழுக்கு என்றுதான் அன்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். இறங்கித் துடைக்கவும் செய்தார். துடைத்த பிறகும் தெருவிளக்குகள் பஞ்சு சுற்றியதுபோலத்தான் தெரிந்தன. பொழுது சாயும் நேரத்தில் யாருக்குத்தான் பளிச்சென்று தெரிகிறது.

கண் டாக்டரிடம் போகலாம் என்று மனைவி முன்பே சொல்லிப் பார்த்திருக்கிறாள். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது, சொன்னது கேட்கவில்லை என்றால் நீ போய்க் காதைக் காட்டு என்று எரிந்து விழுந்தார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவருக்குப் பயம் இல்லாமல் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம்தான் வருவார்கள். அவர்கள் நின்றுபோனால் ஸ்கூலை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். ஸ்டியரிங்கைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர், வீட்டில் உட்கார்ந்து எதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்?

வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு முதல் நாள் வகுப்புக்கு வந்த ஒருத்தி காருக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் மறுபடி செல்போனை எடுத்தார். 'நீக்கப்பட்டது' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே இன்னும் ஏதோ இருந்தது. ஒவ்வொரு முறையும் இருந்திருக்கும். பெரிய எழுத்தோடு நிறுத்திக்கொள்வது அவர் வழக்கம். இன்று மனசு குளிர்ந்திருந்ததால் முழுசாகக் கேட்க ஆசை வந்தது.

"கீழ பொடியா என்னமோ போட்டிருக்கான். படி, கேப்போம்."

அவள் பசைக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். முதலில் தனக்குள் படித்தாள். வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், அவருக்குத் தெரியவா போகிறது. ஆனால் ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படித்தாள்.

"இந்த விமர்சனம் உங்கள் நிறுவனத்தின் கணினியிலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் எழுதும் விமர்சனங்களை நாங்கள் வைத்திருப்பதில்லை."

மாஸ்டர் சிரித்தார். பிறகு அறையைப் பார்த்தார். ஒரு மேசை, ஒரு கணினி, இரண்டு நாற்காலிகள்.

சிரிப்பு போன இடத்தில் கோபம் வந்தது. வங்கிக்காரி நேரம் மாற்ற வந்தபோது இவளிடம் உளறியிருக்கிறாள். இவளும் அதைப் பிடித்துக்கொண்டு, சொந்தப் புருஷனைப் பற்றி ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறாள்.

"எவளோ சொன்னா நீ நம்பிடுவியா? அன்னைக்கு எதிர்ல யாருமே வரலை. வந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

அவள் மேசைமேல் கிடந்த கார் சாவியை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வந்தது நான்தான்," என்றாள். "நீங்க நேரா என்னைத்தான் பார்த்துட்டிருந்தீங்க. நம்ம வண்டிதானேன்னு நான் கையைக்கூட ஆட்டினேன்."