க்ரஷ்ஷா, க்ராஷா?

"க்ரஷ்னா என்னடி அர்த்தம்?"

அம்மா கேட்டதும் மகளுக்குப் பகீரென்றது. தோழிக்கு அனுப்பிய குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டாளோ?

"நசுங்கறதும்மா" என்று மழுப்பினாள்.

"அகராதியிலயும் அதான் போட்டிருக்கு. ஒருவேளை க்ராஷோ?"

"அது வண்டி மோதறது. இப்ப எதுக்கு இந்த ஆராய்ச்சி?"

அப்பா இறந்துபோன இந்த ஆறு வருடத்தில் அம்மா இப்படித் தயங்கி அவள் பார்த்ததில்லை.

"எங்க லைப்ரரிக்குப் புத்தகம் கொண்டு வர்ற வேன் டிரைவர் இருக்காரே, இன்னிக்கு என்கிட்ட வந்து, 'எனக்கு க்ரஷ்ஷுங்க'ன்னு சொல்லிட்டு அப்படியே நின்னார். வண்டியை எங்கயோ மோதிட்டார்னு நினைச்சு, 'அடி எங்க பட்டுச்சு?'ன்னு கேட்டேன். 'நெஞ்சுல'ன்னார்."

"ஐயோ! நீ என்ன சொன்னே?"

"எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கன்னேன். அப்புறம் வெளியில வந்து பார்த்தா வேன்ல ஒரு கீறல்கூட இல்லடி. அதான் சந்தேகம்."

மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அகராதியை மூடி வைத்துவிட்டு, அம்மாவின் காதோடு விஷயத்தைச் சொன்னாள்.

அம்மாவின் முகம் சிவந்தது.

"பாவம்டி அந்த மனுஷன்" என்றாள். "எக்ஸ்ரேல இதெல்லாம் தெரியாதே! நாளைக்கு நானே போய்ப் பார்க்கறேன்."